குக்கர் விசிலுக்குள் ஐந்து சொற்கள்

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் நடந்தது இது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணின் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கை மடித்துக் கிடந்தது. பெற்றோர் கூட்டமாம். தேதி முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

"ஏண்டி, இதை என்கிட்டே காட்டலை?" என்றேன்.

"அப்பா ஊர்லே இல்லையேம்மா. உனக்கு இங்கிலீஷ் புரியாதே!" என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'வெளியே மழை பெய்யுது' என்பதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது.

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிப்பேன். பக்கத்தில் யாராவது நின்றால் அதுவும் வராது. இனிமேல் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்குப் போகவா முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கண்ணில் பட்டது பரணிலிருந்த ஸ்க்ராபிள் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் பெண்ணும் ஆடுவார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். "நானும் வரேன்" என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது 41 புள்ளி, பெண்ணுக்கு 160. ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

விளையாட்டைப் பற்றித் தெரியாத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. 1930களில் அமெரிக்காவில் கடுமையான வேலையில்லாத் திண்டாட்டம். வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களில் எண்ணிப் பார்த்து, அதற்கேற்பக் காய்களைப் பங்கிட்டாராம். 'ஸ்க்ராபிள்' என்ற பெயர் 1948ல் வந்தது. மொத்தம் 100 காய்கள். 'இ' 12, 'ஏ' 9, 'ஐ' 9, 'ஓ' 8 என்று இருக்கும். 'க்யூ', 'இஸட்', 'எக்ஸ்', 'ஜே', 'கே' ஒவ்வொன்றுதான். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ள வெற்றுக் காய் இரண்டு. அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒரு புள்ளி. அபூர்வமான 'க்யூ', 'இஸட்' இரண்டுக்கும் 10. கையில் ஏழு காய் இருக்கும். ஏழையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல்.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று பாகமாகப் பிரித்தேன்.

முதல் பாகம் நீளப்படி. இரண்டு எழுத்துச் சொற்கள் ஒரு பக்கம், மூன்று எழுத்துச் சொற்கள் அடுத்த பக்கங்கள். இரண்டு எழுத்திலேயே ஆட்டத்தில் செல்லுபடியாகும் சொற்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் 'வி' வரும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. இது தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

இரண்டாம் பாகம் கஷ்டமான எழுத்துப்படி. 'க்யூ' வந்தால் கூடவே 'யூ' வேண்டுமே என்று தவிப்போம். வேண்டாம்! 'க்யூ-ஐ' போதும். 'இஸட்-ஏ', 'எக்ஸ்-யூ', 'ஜே-ஓ', 'கே-ஏ' எல்லாம் சின்னச் சொற்கள், பெரிய புள்ளிகள்.

மூன்றாம் பாகம் எழுத்து வரிசைப்படி. கையிலுள்ள காய்களை முதலில் அகர வரிசையில் அடுக்க வேண்டும். உதாரணமாக ஓ, பி, எஸ், டீ என்று நான்கு எழுத்து. இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் என்று ஆறு சொற்கள்! ஏ, இ, டீ மூன்றிலிருந்து ஈட், ஏட், டீ. அகர வரிசையைத் தலைப்பாகப் போட்டு, அதன் கீழே சொற்களை எழுதிவைத்தேன்.

நோட்டை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் ஐந்து சொற்கள். மறுநாள் பழைய ஐந்தைச் சொல்லிப் பார்த்த பிறகுதான் புது ஐந்து.

இரண்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று 'க்யூ-ஐ' வைத்து என் பெண்ணை ஜெயித்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ, "அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள். விழித்தேன். "அர்த்தமே தெரியாம வெச்சு ஜெயிச்சா, அது இங்கிலீஷாம்மா?" என்றாள். சப்பென்று ஆகிவிட்டது.

பிறகுதான் ஒரு செய்தி படித்தேன். நியூஸிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தாராம். சொற்பட்டியலை ஒன்பதே வாரத்தில் மனப்பாடம் செய்தாராம்! 2024ல் ஸ்பானிஷ் மொழியிலும் இப்படியே பட்டம் வாங்கினார். அவருக்கு வேண்டியது கோப்பை, அது கிடைத்தது. எனக்கு வேண்டியது கோப்பையா? என் பெண் தன் காகிதத்தை என்னிடம் நீட்ட வேண்டும், அவ்வளவுதானே!

அன்று முதல் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில் அர்த்தம் எழுதினேன். ஐந்து சொல் இரண்டாகக் குறைந்தது. குறையட்டும். 'க்யூ-ஐ' சீனர்கள் சொல்லும் உயிர்ச் சக்தி. 'எக்ஸ்-யூ' வியட்நாமில் முன்பு புழங்கிய சில்லறைக் காசு. 'ஏ-ஐ' என்பது தென் அமெரிக்காவின் மூன்று விரல் சோம்பேறி விலங்கு. 'இஸட்-ஏ' நம் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் பீட்ஸாவின் வாலேதான்!

அர்த்தம் தேடப் போன இடத்தில் நம் வீட்டுச் சொற்களும் கிடைத்தன. இட்லியும் தோசையும் ஆங்கிலப் பட்டியலில் இருக்கின்றன. 'ஃபக்கீர்' நம் பக்கிரிதான். 'யூ' இல்லாமல் 'க்யூ' வரும் சொல். ஒன்பது எழுத்து 'கட்டமரான்' நம் கட்டுமரம். பன்னிரண்டு எழுத்து 'முல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர். 'செரூட்' நம் சுருட்டு. சரியாக ஏழு எழுத்து, வைத்தால் 50 போனஸ்! இந்த ஆங்கிலத்துக்கா நான் இத்தனை நாள் பயந்தேன் என்று சிரிப்பு வந்தது.

பெட்டி வாங்க வசதியில்லையா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவில் 100 துண்டாக வெட்டி எழுதுங்கள். பலகைக்குக் காலண்டர் அட்டையின் பின்புறம், நீளத்தில் 15, அகலத்தில் 15 கட்டம். சின்னக் குழந்தைகளுக்கு மூன்று எழுத்துச் சொற்களே போதும். புள்ளிக் கணக்கு வேண்டாம். வாயில் போடும் வயதுக் குழந்தை இருந்தால், ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

இப்போதும் எனக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது. பொய் சொல்வானேன்? ஆனால் போன மாதம் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது என் பெண் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதம். அவள் அப்பா ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, வாய்விட்டுப் படித்தேன். ஒரு சொல் மட்டும் புரியவில்லை.

"இது என்னடி?" என்றேன்.

"எனக்கும் தெரியலை. இரு, டிக்‌ஷனரி எடுத்துட்டு வரேன்" என்று ஓடினாள்.

இருவருமாகத் தேடிப் பார்த்தோம். பிறகு கையெழுத்து நான்தான் போட்டேன். அந்தச் சொல்லும் இப்போது என் நோட்டில் இருக்கிறது.