விலை குறைந்த இயர்போனும் விவேகமான தேர்வும்

சில ஆயிரம் ரூபாய்க்குள் காதினுள் பொருத்தும் இயர்போன் வாங்கப் புகுகிறவர், பெட்டியின் மீது விளம்பரப்படுத்தியிருக்கும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்னும் வாசகத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. ஏனெனில் அது மனிதச் செவியின் எல்லையைக் குறிப்பதன்றி, அவ்வெல்லைக்குள் எந்த ஸ்தாயி ஓங்கும், எது அமுங்கும் என்பதைப் பற்றி யாதொன்றும் உரைப்பதில்லை.

என் அபிப்பிராயத்தில் பிரதானமாகக் கவனிக்க வேண்டியவை, பலரும் அலட்சியம் செய்யும் சிலிக்கோன் முனைகளே. காதுத் துவாரத்தை அவை இடைவெளியின்றி அடைத்தாலன்றி, மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தம்புராவின் மந்தர ஸ்வரமும் கசிந்துபோய், உயர்ந்த கருவியும் தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கும். ஆகவே பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் பொறுமையுடன் பரீட்சித்துப் பார்த்த பின்னரே, இயர்போனின் குணதோஷங்களைப் பற்றித் தீர்மானிப்பது நியாயம்; இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவதுகூட உண்டு.

1991-ல் அமெரிக்காவின் எடிமோடிக் நிறுவனம் வெளியிட்ட ஈஆர்-4 என்னும் இயர்போன், இவ்வடைப்பையே ஆதாரமாகக் கொண்டது. அன்று நூற்றுக்கணக்கான டாலர் செலவிட்டோர் பெற்ற தெளிவில் பெரும்பங்கை இன்று மூன்டிராப், கேஇசட் முதலிய சீன நிறுவனங்கள் சொற்ப விலையில் தருகின்றன.

ஒரே விலையில் புளூடூத்தைவிடக் கம்பியுள்ளதே மேல் என்பேன். பேட்டரிக்கும் ரேடியோச் சில்லுக்கும் போகும் பணம் அதில் ஒலிக்கே செலவாகிறது. முதலில் பழுதாவது பெரும்பாலும் கம்பியே ஆதலால், அது கழற்றி மாற்றத்தக்கதாக இருப்பது அவசியம்.