சாவி வீட்டுல இருக்கு... கார் எங்கே பாஸ்?

கார் பக்கத்துல போய் நின்னாலே கதவு திறக்குது. பட்டனைத் தொட்டா இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது. சாவி பேன்ட் பாக்கெட்டைவிட்டு வெளியே வரவே வேண்டாம். 'டாப் எண்டுதான் வேணும்'னு வீட்டுல அடம்பிடிச்சு கார் வாங்கினவங்களைக் கேளுங்க, அவங்க சொல்ற காரணங்கள்ல இந்த கீலெஸ் என்ட்ரியும் கண்டிப்பா இருக்கும். ஆனா, இதே வசதியை வெச்சே உங்க காரைத் தூக்கிட்டுப் போக முடியும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது, சாவியும் உங்க வீட்டு ஆணியிலேயே சமத்தா தொங்கிட்டிருக்கும்.

2017 செப்டம்பர்ல இங்கிலாந்தின் சோலிஹல் பகுதியில இதுதான் நடந்தது. ராத்திரி நேரம், ஒரு வீட்டு வாசலுக்கு ரெண்டு பேர் வர்றாங்க. ஆளுக்கொரு கருவி. ஒருத்தர் வீட்டை ஒட்டி நிக்கிறார், இன்னொருத்தர் மெர்சிடிஸ் கார் பக்கத்துல. கதவு திறக்குது, கார் கிளம்பிடுது. மொத்தமே ஒரு நிமிஷம்தான்! சிசிடிவி-யில் பதிவான அந்தக் காட்சியை வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் போலீஸ் நவம்பர்ல வெளியிட்ட பிறகுதான், 'ரிலே அட்டாக்' என்ற வார்த்தை சாதாரண மக்கள் வரைக்கும் போனது.

அப்படி என்ன மாயம் அது? காலேஜ் ப்ராக்ஸியை நினைச்சுக்கோங்க. புரொஃபசர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். உங்க நண்பன் டீக்கடையில இருக்கான். நீங்க போனை ஸ்பீக்கர்ல போட்டு பெஞ்சுக்குக் கீழே வெச்சா, அவன் அங்கிருந்தே 'பிரசென்ட் சார்'னு சொல்லிடலாம். குரல் அசல்தான், ஆள்தான் கிளாஸ்ல இல்லை. கார் விஷயமும் இதேதான். கார் ஒரு பலவீனமான சிக்னலை அனுப்பி, 'பக்கத்துல இருக்கியா?'னு கேட்கும். சாவி பதில் சொல்லும். அந்தக் கேள்வி ஓரிரு மீட்டர்தான் போகும், அதனால பதில் வந்தா சாவி பக்கத்துலதான் இருக்கணும்னு கார் நம்பிடுது. திருடர்கள் அந்தக் கேள்வியை அப்படியே வீட்டுக்குள்ள இருக்கிற சாவி வரைக்கும் கடத்திக்கொண்டு போறாங்க. ரகசியக் குறியீடு எதையும் உடைக்கத் தேவையே இல்லை.

இதுல எரிச்சலான விஷயம் ஒண்ணு இருக்கு. சுவிட்சர்லாந்தின் இ.டி.எச் ஜூரிச் ஆராய்ச்சியாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை சோதிச்சு, அத்தனையும் இந்த வழியில ஏமாறுதுன்னு கட்டுரை வெளியிட்டது 2011-ல். அதாவது, சோலிஹல் வீடியோவுக்கு ஆறு வருஷம் முன்னாடியே! அதுக்கப்புறமும் கார் கம்பெனிகள் இந்த வசதியைக் கூடுதல் மாடல்களுக்குக் கொண்டுபோய்க்கிட்டேதான் இருந்தாங்க. வசதியை வித்தது அவங்க, சாவியை மூடிவைக்க பை வாங்க வேண்டியது நாம. இது நியாயமாப் படலை.

சரி, ரிமோட் பட்டனை அழுத்தித் திறந்தா பாதுகாப்பா? அதுக்கும் ஆள் இருக்கு. சமி காம்கர் என்ற ஹேக்கர் 2015-ல் 'ரோல்ஜாம்'னு ஒரு குட்டிக் கருவியைக் காட்டினார். செலவு சுமார் 32 டாலர். நீங்க முதல்தடவை அழுத்தும்போது சிக்னலைத் தடுத்து, கோடைப் பதிவு பண்ணிக்கும். கார் திறக்கலையேன்னு மறுபடி அழுத்துவீங்க இல்லையா, அந்த ரெண்டாவது கோடையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, முதல் கோடைக் காருக்கு அனுப்பும். கதவு திறந்திடும், உங்களுக்கு சந்தேகமே வராது. ரெண்டாவது கோடு திருடன் கையில பத்திரமா இருக்கும்.

2018-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெஸ்லா மாடல் எஸ் சாவியையே சில நொடிகள்ல நகல் எடுத்துக் காட்டினாங்க. வெறும் 40 பிட் குறியீடுதான் காரணம். விலையுயர்ந்த காருக்கு மிட்டாய்க்கடைப் பூட்டு! பின் நம்பர் போட்டாதான் வண்டி நகரும்ங்கிற வசதியை டெஸ்லா அந்த வருஷமே கொண்டு வந்தது.

நம்ம ஊர்ல இன்னொரு தலைவலி உண்டு. கார் திருடுபோய் இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்குப் போனா, பொதுவா ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பாங்க. ரெண்டும் கையில இருக்கு, காரைக் காணோம், உடைஞ்ச கண்ணாடித் துண்டுகூட இல்லைன்னா, எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லணும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பார்க்கிங்கைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தா நல்லது.

ரிலே அட்டாக்குக்கு எளிய மருந்து, சிக்னலைத் தடுக்கிற ஃபாரடே பை. ஆன்லைன்ல கிடைக்கிற எல்லாமே வேலை செய்யும்னு நம்பிடாதீங்க. சாவியைப் பையில போட்டு கார் பக்கத்துல நில்லுங்க, கதவு திறந்தா பை தண்டம். ஸ்பேர் சாவியையும் மறக்காம உள்ளே வைங்க. சிலர் மைக்ரோவேவ் அவனுக்குள்ள சாவியை வைக்கிறாங்க. யாராவது கவனிக்காம ஆன் பண்ணா சாவி காலி! சில கார்கள்ல கீலெஸ் வசதியையே ஆஃப் பண்ணலாம், மேனுவலைப் புரட்டிப் பாருங்க.

ஆனா, சாவி பக்கமே போகாத திருட்டும் வந்தாச்சு. 2022-ல் லண்டன்ல ஒரு டொயோட்டா ராவ்4 காணாமல்போனது. காரின் சொந்தக்காரரே கார் பாதுகாப்பு ஆய்வாளர் என்பதுதான் வேடிக்கை! ஹெட்லைட் பக்கத்து வயரைப் பிடிச்சு, காரின் உள் நெட்வொர்க்குக்கே பொய் கட்டளை அனுப்பியிருக்காங்க. இந்த வேலைக்கான கருவி புளூடூத் ஸ்பீக்கர் வேஷத்துல விற்பனையாகுது. இங்க பை உதவாது. தாத்தா காலத்து இரும்பு ஸ்டீயரிங் லாக்தான் திருடனைக் கொஞ்ச நேரமாவது வியர்க்க வைக்கும்.

புதுசா கார் வாங்கப் போறீங்கன்னா, ஷோரூம்ல ரெண்டு கேள்வி கேளுங்க. அசையாம கிடந்தா சாவி தானா தூங்கிடுமா? ஃபோர்டு 2019-லேயே ஐரோப்பாவில் இப்படி ஒரு சாவியைக் கொண்டு வந்தது, 40 நொடி அசைவில்லைன்னா சிக்னல் நின்னுடும். அடுத்தது, யு.டபிள்யூ.பி தொழில்நுட்பம் இருக்கா? பதில் வர எடுத்துக்கிட்ட நேரத்தை அளந்து, சாவி நிஜமாவே எவ்வளவு தூரத்துல இருக்குன்னு இது கண்டுபிடிச்சிடும். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில 30 சென்டிமீட்டர்தான் போகும், அதை யாராலும் வேகப்படுத்த முடியாது. சன்ரூஃபைப் பத்தி அரை மணி நேரம் பேசுற சேல்ஸ்மேன் இதுக்கு முழிச்சார்னா, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க.