தெருவை மறிக்கும் மதில்கள்

2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பட்டணம் வளர்ந்துவிட்டது என்று பெருமை பேசினார்கள். நிலம் சேர்ந்தது, சரி; தெருவோடு தெரு சேர்ந்ததா என்று கேட்கிறோம்.

மாம்பலத்தைப் பாருங்கள். 1920-ஆம் வருடத்து நகரமைப்புச் சட்டம் வந்த கையோடு, ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரியைத் தூர்த்தது சரியா என்பது வேறு விவகாரம். ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர்களின் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டிக்கொண்டதும் கிடக்கட்டும். முதலில் தெருவுக்குக் கோடு போட்டார்கள். பிறகே மனை பிரித்தார்கள். பனகல் பூங்காவிலிருந்து நாலா பக்கமும் ரஸ்தாக்கள், அவற்றை இணைக்கும் குறுக்குத் தெருக்கள். உஸ்மான் ரோட்டில் நெரிசலென்றால் பக்கத்துத் தெருவில் புகுந்து போய்விடலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அப்படிப் புக முடியுமா? 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. கம்பெனிகள் வந்தன, பின்னாலேயே அடுக்குமாடிகள் வந்தன. ஏக்கர் கணக்கில் வளைத்து, சுற்றிலும் மதில், ஒரு வாசல், ஒரு காவலாளி! உள்ளே அழகான பாதைகள் உண்டு. அவை எந்தத் தெருவோடும் சேர்வதில்லை. கம்பெனி பஸ்ஸும் ஆம்புலன்ஸும் காய்கறி வாங்கப் போகிறவரும் அந்த ஒரே சாலைக்கு வந்தே தீரவேண்டும். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பை வெட்டித் தெரு போடும்படி நாம் சொல்லவில்லை. அதில் கைவைத்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். அதனால்தான் மிச்சமிருக்கும் மண்ணில் தெருக்கள் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ்.

யாருக்கு நஷ்டம்? காரில் போகிறவருக்குக் கொஞ்சம் பெட்ரோல். நகரத்தின் நடுவே குடிசைகளை அகற்றி, அந்த மக்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து குடியேற்றியது சர்க்கார். அங்கிருந்து வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், கூப்பிடு தூரத்தில் தெரியும் கட்டடத்துக்கு மதிலைச் சுற்றி, லாரிகளை ஒட்டி நடக்கிறார்கள்.

மதில் பாதுகாப்புக்கு என்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டு வேண்டாமென்று யார் சொன்னது? பல ஏக்கரின் குறுக்கே ஒரு பொதுத் தெருகூட இல்லாமல் அடைப்பதற்கு வேறு பெயர் உண்டு. முட்டுச்சந்துகளாகவே புறநகர்களைக் கட்டிய அமெரிக்காவில்கூட 1990-களின் நடுவிலிருந்து புதிய தெருக்கள் மீண்டும் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின.

நம் விதிகளைப் பாருங்கள். மனைப்பிரிவு போடுகிறவர் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அடுக்குமாடிக்காரரின் உட்பாதை தனிச்சொத்தாகவே நிற்கிறது. இணைப்புத் தெரு வேண்டுமென்று அதிகாரிகள் கேட்கலாம். கேட்கலாம் என்பதைக் கேட்டே தீரவேண்டும் என்று மாற்றுங்கள்.

2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. அதில் வயலும் புஞ்சையும் இன்னும் ஏராளம். மதில் எழும்பிய பிறகு தெரு வெட்டப் போனால் நஷ்டஈடு, கோர்ட்டு, தடையுத்தரவு என்று வருஷங்கள் ஓடும். இப்போதே வரைபடத்தில் தெருவுக்குக் கோடு போடச் சர்க்காருக்கு என்ன தயக்கம்?