உமக்கு விற்பதற்கில்லை!

நம் ஊர்ச் சிறு கடைகளில் தொங்கும் பலகைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே நடத்தலாம். 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு பலகை உருக்கமாகச் சொல்லும். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று இன்னொன்று சாமர்த்தியமாகச் சொல்லும். இவ்வளவையும் மாட்டிவிட்டுக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்ப்பார். பழைய பாக்கி வைத்திருக்கும் ஆசாமி என்றால், "சரக்குத் தீர்ந்து போச்சுங்க" என்பார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே சரக்கு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். ஆனாலும் ஆசாமி மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார். இருவருக்கும் விஷயம் தெரியும்!

இணையச் சந்தையில் கடை வைத்திருப்பவருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. வாங்குகிறவர் முகம் தெரியாது, குரல் கேட்காது. தெரிவதெல்லாம் ஒரு பெயரும் ஒரு விலாசமுந்தான். ஆகவே அங்கே பலகைக்குப் பதிலாக இரண்டு ஜாபிதாக்கள் இருக்கின்றன. 'இன்னார் இன்னாருக்கு விற்பதில்லை' என்பது முதல் ஜாபிதா. 'இந்த இந்த ஊருக்கு அனுப்புவதில்லை' என்பது இரண்டாவது. இந்த இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. எப்படி என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஈபே என்ற சந்தையை எடுத்துக் கொள்வோம். 1995-ஆம் வருஷம் செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் அதைத் தொடங்கினார். அங்கே முதன்முதலில் விலைபோன சாமான் எது தெரியுமா? உடைந்து போன ஒரு லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். 'இது உடைந்தது என்று தெரியுமல்லவா?' என்று விற்றவர் விசாரித்தாராம். தாம் உடைந்த லேசர் விளக்குகளைச் சேகரிப்பவர் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம்! உலகத்தில் எந்தப் பண்டத்துக்கும் எங்கேயோ ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பதுதான் அந்தச் சந்தையின் ஆதார நம்பிக்கை.

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் காத்திருக்கும் ஆட்களில் எல்லா ரகமும் உண்டல்லவா? ஏலத்தில் உற்சாகமாக விலையை ஏற்றிவிட்டு, பணம் கட்டும்போது மறைந்துவிடுகிறவர் உண்டு. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டே 'வரவில்லை' என்கிறவர் உண்டு. புதுச் சாமானை வைத்துக்கொண்டு, பழைய சாமானைத் திருப்பி அனுப்புகிறவரும் உண்டு. முன்பெல்லாம் வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக் கொள்ளலாம். 'நீ எனக்குக் கெட்ட பெயர் வைத்தால் நான் உனக்கு வைப்பேன்' என்று அது பழிக்குப் பழியாக முடிந்தது. ஆகையால் 2008-ல் ஈபே நிர்வாகம், விற்பவர்கள் இனி வாங்குபவர்களைக் குறைகூறி மதிப்பெண் போடக் கூடாது என்று தீர்த்துவிட்டது. விற்பவர் கையில் மிஞ்சியது முதல் ஜாபிதாதான். வேண்டாத ஆசாமியின் பெயரை அதில் எழுதிவிட்டால், அவர் அந்தக் கடையில் எதையும் வாங்க முடியாது. பணம் கட்டாமல் ஏமாற்றியவர்களை இயந்திரமே தடுத்துவிடும்படியும் சொல்லி வைக்கலாம்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒருவர் செய்த காரியத்துக்காக அவருக்குக் கதவைச் சாத்துவது, நம் ஊர்க் கடைக்காரர் 'சரக்குத் தீர்ந்து போச்சு' என்பதைவிட நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஜாபிதாதான் சங்கடமானது. அலாஸ்காவும் ஹவாயும் 1959-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்களாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் வியாபாரிகளில் பலர் இன்னும் சேர்த்துக் கொண்டபாடில்லை! 'அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் அனுப்புவதில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனிலோ ஸ்காட்லாந்தின் மலைநாடும் தீவுகளும் இதே பாடுபடுகின்றன. அங்கே இன்வர்னஸ் நகரம் தீவு அல்ல; ரயிலும் சாலையும் விமான நிலையமும் உள்ள ஊர். ஆனாலும் அதன் தபால் குறியீடு 'ஐ.வி.' என்று தொடங்குகிறதே, அது போதும். அதே குறியீட்டில் ஸ்கை தீவும் இருப்பதால் கூடுதல் கட்டணம். சில கடைகளில் 'அனுப்புவதில்லை' என்ற பதில்.

நம் நாட்டில் பின்கோடு என்னும் ஆறு இலக்க எண் 1972, ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. கடிதம் சீக்கிரமாகவும் சரியாகவும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட எண் அது. இன்று திரையில் அந்த எண்ணைத் தட்டியதும், 'மன்னிக்கவும், இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று வருகிறதே, அந்தமானிலும் லட்சத்தீவிலும் இருப்பவர்களுக்கு அது பழகிப்போன வாக்கியம். போய்ச் சேருவதற்கென்று கொடுத்த எண், போகாமல் தடுப்பதற்கும் பயன்படுகிறது!

இந்த வியாதி புதியதா என்றால், இல்லவே இல்லை. 1840-க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குத் தூரத்துக்குத் தக்கபடி கட்டணம். அதையும் பெரும்பாலும் பெறுகிறவரே கொடுக்க வேண்டும். 'வேண்டாம்' என்று அவர் கைவிரித்தால், தபால்காரர் நடந்த நடை வீண். உறையின் மேலேயே ரகசியக் குறி போட்டு அனுப்பி, செய்தியைத் தெரிந்துகொண்டு கடிதத்தை வாங்காமல் விட்டவர்களும் உண்டு. வேண்டாத வாடிக்கைக்காரர், தூரத்துச் செலவு என்ற நமது இரண்டு தலைவலியும் அன்றே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

ரோலண்டு ஹில் என்பவர் 1837-ல் இதற்குக் கணக்குப் போட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று காட்டினார். பிரிப்பதும், எழுதி வைப்பதும், வீட்டு வாசலில் நின்று காசு வசூலிப்பதுமே பெரிய செலவு. ஆகவே காசை முன்கூட்டி வாங்கிவிடுங்கள்; எங்கே போனாலும் ஒரே விலை வையுங்கள் என்றார். 1840-ல் ஒரு பென்னித் தபால் வந்தது. 1854-ல் இந்தியாவிலும் தூரத்தைப் பார்க்காமல் அரையணாத் தபால் வந்தது. பக்கத்து ஊருக்கும் அரையணா, பெஷாவருக்கும் அரையணா!

பிறகு 1877-ல் இங்கே வி.பி.பி. வந்தது. பார்சலைக் கொடுத்துக் காசை வாங்கும் இந்த ஏற்பாட்டில், வாசலில் நின்று 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் திரும்பி வந்தது. மறுத்த பார்சல் அனுப்பியவரிடமே திரும்பும். தபால் செலவு அவருக்கு நஷ்டம். 'முன்பணம் அனுப்பினால் மட்டுமே வி.பி.பி.' என்று புத்தகக் கம்பெனிகள் கேட்டது இதனால்தான். இன்று வீட்டு வாசலில் ரொக்கம் வாங்கும் இணையக் கடைகளுக்கும் அதே நஷ்டம். போக வரச் செலவு பெரும்பாலும் சிறு வியாபாரி தலையில் விழுகிறது. சில பின்கோடுகளுக்கு அவர் அந்த வசதியை நிறுத்திவிடுவதைக் குற்றமென்று சொல்லிவிட முடியாது. முன்பணம் கட்டியாவது வாங்கிக்கொள்ள அங்கே வழி இருக்கிறதே!

'கடிதம் சரி ஐயா. நாற்காலியை அனுப்பிப் பாருங்கள்' என்று வியாபாரி கேட்கலாம். நியாயமான கேள்வி. கடிதத்துக்குத் தூரம் பெரிதல்ல. நாற்காலிக்குக் கடல் பெரிது. அதற்கு மேல், மின்கலம், வாசனைத் திரவியம் போன்றவற்றை விமானத்தில் ஏற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. செலவு நிஜம், அதை ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் விலை அதிகம் என்பது வேறு, விற்க மாட்டேன் என்பது வேறு. ஐரோப்பிய யூனியனில் 2018, டிசம்பர் 3-ந் தேதி அமலுக்கு வந்த சட்டம் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. பொதுவாக, வேறு உறுப்பு நாட்டுக்காரர் என்பதற்காக விற்க மறுக்கக் கூடாது; ஆனால் அவர் ஊருக்கே அனுப்பித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தான் அனுப்பும் இடத்தில் அவர் வந்து, அல்லது ஆள் வைத்துப் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்க வியாபாரிகளுக்கு ஈபே 2022-ல் ஏற்படுத்திய திட்டத்தில், அயல்நாட்டுக்குப் போகும் சாமானை உள்நாட்டுக் கிடங்கு ஒன்றுக்கு அனுப்பினால் போதும். கடல் கடந்த கவலை சந்தைக்காரர் பாடு.

சில சமயங்களில் செலவுகூடக் காரணமல்ல, பழக்கந்தான் காரணம். அமெரிக்கத் தபால் இலாகாவின் ஒரே விலைப் பெட்டி, அடுத்த ஊருக்கும் அலாஸ்காவுக்கும் அதே விலையில் போகிறது. பிரிட்டனிலும் ராயல் மெயில் தன் பொதுச் சேவைப் பார்சலுக்கு நாடெங்கும் ஒரே கட்டணந்தான் வாங்குகிறது. விசாரிக்கச் சோம்பிய வியாபாரி ஜாபிதாவில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆனால் அந்த ஜாபிதா யார் தலையில் விழுகிறது? நகரத்தில் இருப்பவருக்கு ஒரு கடை மறுத்தால் அடுத்த கடை இருக்கிறது. ஷெட்லாந்துத் தீவில் தையல் இயந்திரத்துக்கு ஒரு சக்கரம் வேண்டும் என்று தேடும் மாதுக்கும், லட்சத்தீவில் பிள்ளைக்குப் பரீட்சைப் புத்தகம் தேடும் தகப்பனாருக்கும் அடுத்த கடை எங்கே இருக்கிறது? தபாலை நம்பியே வாழ வேண்டியவர்களுக்குத்தான் தபால் வழி அடைபடுகிறது.

ஆகையால் விற்கிற அன்பர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: நடத்தையைப் பார்த்து ஆளை ஒதுக்குங்கள், பின்கோடைப் பார்த்து ஊரை ஒதுக்காதீர்கள். செலவு அதிகம் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்குங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அனுப்பவே முடியாது என்றால் அதை வாசற்படியிலேயே சொல்லுங்கள். விலாசம், தொலைபேசி எண் எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு சொல்லாதீர்கள்.

வாங்குகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டாக ஓர் உத்தரவு கொடுத்துவிட்டு, வாசலில் வந்த பெட்டியை 'வேண்டாம்' என்று திருப்புகிறோமே, அதனால் ஜாபிதாவில் ஏறுவது நம் பெயர் மட்டுமல்ல. நம் தெருவின் பின்கோடும் சேர்ந்து ஏறிவிடுகிறது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?