சும்மா வந்த சிப்பாய்

விருத்தாசலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் வீட்டுக்காரர் பீங்கான் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வரையில் மகனும் நானும் சதுரங்கம் ஆடுவோம். அவன் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுக்கிறான். நான் வெட்டுகிறேன். சிறிது நேரத்தில் என் ராஜா அகப்பட்டுக்கொள்கிறார்! வெட்டாமலே விட்டுவிடலாமா?"

வெட்டுங்கள், சகோதரி! ஆனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

உங்கள் பிள்ளை ஆடுவது 'எவான்ஸ் காம்பிட்'. வேல்ஸ் நாட்டுக் கப்பல் காப்டன் எவான்ஸ் 1820-களில் கண்ட தந்திரம். இரு தரப்பிலும் ராஜாவின் சிப்பாயும், ஒரு குதிரையும், ஒரு மந்திரியும் வெளியே வந்ததும், வெள்ளை பி4 கட்டத்தில் ஒரு சிப்பாயை உங்கள் மந்திரியின் வாய்க்கு நேரே நீட்டும். வெட்டினால், சி3-ல் மற்றொரு சிப்பாய் வந்து மந்திரியை விரட்டும். அதற்குள் பலகையின் நடுவிடம் வெள்ளையின் வசம்! கொடுத்தது சிப்பாய், பெற்றது நேரம்.

இதில் தோற்றதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் பயின்ற நம் விசுவநாதன் ஆனந்த்கூட 1995-ல் ரீகா நகரில் காஸ்பரோவிடம் இதே தந்திரத்துக்கு 25 நகர்த்தல்களில் பணிந்தார். அவரே 2000-ல் உலகச் சாம்பியனாகவும் ஆனார்.

மாற்று என்ன? 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாயிருந்த லாஸ்கரின் வழி இது. விரட்டப்பட்ட மந்திரியை ஏ5-க்குக் கொண்டுபோங்கள். அவன் டி4-க்குச் சிப்பாயைத் தள்ளினால், நீங்கள் டி6-ல் ஒரு சிப்பாயை வையுங்கள். அவன் கோட்டை கட்டியதும் மந்திரியை பி6-க்கு ஒதுக்குங்கள்.

இனி அவன் நடுச் சிப்பாயை வெட்டினால் பதிலுக்கு வெட்டுங்கள். ராணிக்கு ராணியும் போய்விடும். பிறகு அவன் குதிரை உங்கள் சிப்பாயைத் தின்னட்டுமே! ஆறுக்கு ஆறு சிப்பாய்கள் நிற்கும். ஆனால் அவனுடைய இடப்புறத்துச் சிப்பாய்கள் இரண்டும் துணையின்றித் தவிக்கும். ராணி இல்லாமல் தாக்குதல் ஏது? அவன் வெட்டாவிட்டாலோ, சிப்பாய் உங்களுக்கு மிச்சம்.

ஈரம் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்பது உங்கள் ஊரார் அறிந்ததே. பிள்ளையின் அவசரமும் அப்படித்தான். உங்களுக்கு வேண்டியது பொறுமை.

தோற்ற அன்று அவனுக்கு முறுக்கு இரண்டு அதிகமாகக் கொடுங்கள். மறுநாள் புதுத் தந்திரத்தோடு வருவான்!