டொக்டர் ஹூ: மாறியதால் கெட்டதா?

"2005இல் மீண்டும் வந்த டொக்டர் ஹூவில் கதை சொல்லும் முறையே கெட்டுப்போயிற்று, பழையதுதான் அசல்." பிரிட்டனின் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரான இதைப் பற்றி, இலண்டன் உறவுகள் வழியாக மன்னார் நறுவிலிக்குளத்தில் இருக்கும் எங்களுக்கும் வந்து சேர்ந்த தீர்ப்பு இது. இதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களும் நிற்கமாட்டா.

ஒன்று: அறிவியலும் வரலாறும் கற்பித்த தொடர் அரக்கர் கதையாகிவிட்டது. 1963 நவம்பர் 23இல் பிபிசி இதைத் தொடங்கியபோது நோக்கம் கற்பித்தல்தான். அரக்கர்கள் வேண்டாம் என்பதே தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவரான சிட்னி நியூமனின் விருப்பம். ஆனால் முதற்கதை நான்கு வாரங்களில் முடிய, டிசம்பர் 21இல் தொடங்கிய இரண்டாம் கதையிலேயே டாலெக்குகள் என்னும் அரக்கர்கள் வந்துவிட்டனர். தொடருக்குப் பெரும்புகழ் தேடித்தந்ததும் அவர்கள்தான். கலப்பற்ற வரலாற்றுக் கதைகள் 1967உடன் ஏறத்தாழ நின்றுபோயின. இவற்றுக்குப் புதியவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

இரண்டு: இப்போது அரசியல் புகுந்துவிட்டது. ஆனால் தொடக்கத்திலேயே நாசிகளை மனத்தில் வைத்துத்தான் டாலெக்குகளைப் படைத்தார் டெரி நேஷன். 1973இல் வந்த ஒரு கதை, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவைப் பற்றியது. 2018இல் வினய் பட்டேல் எழுதிய கதை 1947 பஞ்சாப் பிரிவினைக்குள் செல்கிறது. அதில் வரும் இந்து மணமகனின் உயிர் போவது சொந்தத் தம்பியின் கூட்டத்தால். கொலைகாரர் என நாம் சந்தேகித்த வேற்றுக்கிரகத்தாரோ, துணையின்றிச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். போரைக் கண்ட மண்ணிலிருந்து பார்க்கும் எவருக்கும் இது வெளியிலிருந்து திணித்த அரசியலாகத் தெரியாது. வரலாற்றைச் சொல்லித்தரும் பழைய நோக்கம் இங்கே முன்னிலும் ஆழமாகத் திரும்பி வந்திருக்கிறது.

மூன்று: சுருக்கியதால் ஆழம் போயிற்று. இருபத்தைந்து நிமிடப் பகுதிகளாக வாரக்கணக்கில் ஓடிய கதை, 2005க்குப் பின் பெரும்பாலும் ஏறத்தாழ நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிவது உண்மை. சில முடிவுகள் அவசரமாக வருவதும் உண்மை. ஆனால் 2005இல் தொடரை மீட்டுவந்த ரசல் டி. டேவிஸ் ஒவ்வொரு கதையையும் தனியே முடித்துக்கொண்டே, பருவம் முழுவதற்கும் ஓர் இழையை ஓடவிட்டார். பாத்திரங்களின் வீடும் தாயும் துயரும் கதைக்குள் வந்தன. எங்கள் மன்னாரில் நீண்ட நாடகங்களைச் சுருக்கி வாசாப்பு என்னும் ஓரிரவுக் கூத்தாக ஆடினார்கள்; அதனால் கூத்து அழிந்துவிட்டதென்று எவரும் சொல்வதில்லை.

நான்கு: நாயகரை மாற்றி மாற்றித் தொடரைக் குலைத்தார்கள். ஆனால் 1966இலேயே முதல் நாயகரான வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, நாயகன் உருமாறிப் புதிய உடலில் எழுவான் என்று எழுதி, பாட்ரிக் ட்ரௌட்டனை அவ்விடத்தில் நிறுத்தினார்கள். அந்தத் துணிவு இல்லையேல் தொடர் அன்றே முடிந்திருக்கும். 2018இல் ஜோடி விட்டேக்கர் நாயகியானது அதே விதியின் நேரான தொடர்ச்சி.

பலவீனமான கதைகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவற்றைப் பெயர் சொல்லி விமர்சிப்போம்; அது தொடருக்கு நல்லது. மாறியதையே குற்றமாக்குவோர், தாம் போற்றும் பழைய தொடரை நிலைக்கவைத்த பண்பையே மறுக்கிறார்கள்.