செவிக்கல்லின் சான்று

மீனின் இனத்தைச் செதிளாலும் துடுப்பாலும் அறிதல் யாவர்க்கும் எளிது. உடல் முற்றும் அழிந்த பின்னரும் அம்மீனின் பெயரைக் கூறவல்ல உறுப்பொன்று அதன் தலையினுள் உளது. அதுவே செவிக்கல். எலும்பு மீன்களின் உட்செவியில் பக்கத்திற்கு மூன்றாக ஆறு கற்கள் உள. சுண்ணாம்புப் பொருளாலான இவை, ஒலியையும் உடலின் நிலையையும் மீன் உணரத் துணைபுரிவன. பெரும்பாலான மீன்களில் ஓர் இணை ஏனையவற்றினும் பெரிதாகும். அதன் விளிம்பும் முனையும் உட்புறப் பள்ளமும் இனந்தோறும் வேறுபடும். கத்தாழை மீனின் கல் பருத்துத் தடித்திருக்கும். சூரையின் கல்லோ உடலை நோக்க மிகச் சிறியது.

இக்கல் ஒரு பெருவழக்கிற் சான்று பகர்ந்ததுண்டு. சாம்பல்நிறக் கடல்நாய்கள் தம் மீனைக் கவர்கின்றன எனப் பிரித்தானிய மீனவர் நெடுங்காலம் முறையிட்டனர். 1978-ஆம் ஆண்டில் ஆர்க்னித் தீவுகளில் அவற்றைத் திரளாகக் கொல்ல வகுத்த திட்டம் மக்களின் எதிர்ப்பால் பெரிதும் குறுக்கப்பட்டது. பின்னர் அறிஞர், கடல்நாயின் கழிவைத் திரட்டிக் கழுவி, அதிற் கிடைத்த கற்களை ஆராய்ந்தனர். மணலிற் புதைந்து வாழும் மணல்விலாங்கு என்னும் சிறு மீனே வடகடற் பகுதியில் அவ்வுணவின் பெரும்பங்கு என்பது தெரிந்தது. காட் முதலிய விலைமீன்களின் கற்களும் கிடைத்தன.

கல் பொய் கூறாது; ஆயினும் முழுவதும் கூறாது என்பதே எம் கருத்து. வயிற்றின் புளிப்பிற் சிறு கற்கள் கரைந்தொழியும். பெரியன தேய்தலால், மீனும் உள்ளதிற் சிறிதாகக் கணிக்கப்படும். பெரிய சால்மனின் தலையைக் கடல்நாய் உண்ணாது விடின், அம்மீனுக்குச் சான்றே இராது. எனவேதான் காப்பிலுள்ள கடல்நாய்களுக்கு எண்ணிய மீன்களை ஊட்டி, எஞ்சும் கற்களை எண்ணிக் கணக்கைத் திருத்துகின்றனர். மீனவரின் பிழைப்பும் வாயில்லா உயிரும் ஒரு கல்லின் சொல்லைப் பற்றி நிற்குமிடத்து, இத்திருத்தமின்றித் தீர்ப்புரைத்தல் முறையன்று.

மரபணுவால் இனமறியும் இந்நாளில் கல் எதற்கு என வினவுவாருளர். மரபணு பெயரை உரைக்கும். மீனின் நீளத்தையும் அகவையையும் தேயாத கல் உரைக்கும். ஒன்றற்கொன்று துணையேயன்றிப் பகையன்று.

ஆயின், ஒப்பிட்டு நோக்க அறிந்த கற்களின் தொகுதி இன்றேல், கிடைத்த கல் ஊமையே. அத்தொகுதியை ஆக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் மாணவர் சந்தையில் முழு மீனை வாங்கி, ஐயமற இனந்தெளிந்த பின்னரே கல்லை எடுத்து, கழுவி உலர்த்தி, மீனின் பெயர், நீளம், பிடித்த இடம், நாள் ஆகியவற்றைச் சீட்டிலெழுதி உடன்வைப்பாராக. பார்மலினில் இடுதல் கூடாது. அதன் புளிப்புக் கல்லை அரிக்கும். ஆண்டிற்குப் பத்து இனமாயினும் பழுதின்றிச் சேர்ப்பின், பின்வரும் மாணவர்க்கு அஃதோர் அகராதியாகும்.